ஒட்டிய தோசை

அந்த ஓட்டல் அடுப்பில் இரண்டு தோசைக்கல். ஒன்று இருபது வருஷமாக அங்கேயே கிடந்து கறுத்துப் பளபளப்பது. அதில் ஒரு தோசைகூடப் பிய்ந்ததில்லை என்பது தெருவுக்கே தெரியும். மற்றது வந்து நாலு நாள்தான் ஆகிறது.

புதுக்கல்லில் அன்றைக்கும் மூன்று தோசை பிய்ந்தது. மாஸ்டர் தவசி துணியைச் சுற்றி அதன் விளிம்பைப் பிடித்தார். "இது தேறாது. பழைய இரும்புக் கடைக்குத்தான் லாயக்கு."

"பெரியப்பா, என்னைத் தூக்கப் போறாரு" என்றது புதுக்கல்.

"நீ பேசாம சூடா இரு, பயலே" என்றது பழைய கல்.

அதன்மேலும் ஒரு தோசை வெந்துகொண்டிருந்தது. அது கருகுவதற்குள் எடுத்துவிடலாம் என்று மாஸ்டர் கரண்டியை விட்டார். பழைய கல் தோசையை விடவில்லை. சுரண்டினார், கந்தலாக வந்தது. சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தேவிட்டார்.

மாஸ்டர் துணியைக் கீழே போட்டார். "இதுலயே ஒட்டுதுன்னா மாவுதான் சரியில்ல."

வேறு மாவு எடுத்துவந்தார். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு இரண்டு கல்லையும் அழுந்தத் தேய்த்தார். புதுக்கல்லில் அடுத்த தோசையும் ஓரத்தில் கிழிந்தது. அதற்கடுத்தது முறுகலாக, முழுசாக எழுந்து வந்தது.

புதுக்கல் மெல்லக் கேட்டது. "பெரியப்பா, உங்களுக்குக்கூடவா ஒட்டும்?"

"வயசாகுதில்ல" என்றது பழைய கல்.

அதன்மேல் கிடந்த தோசை, கரண்டி படுவதற்கு முன்பே தானாக விளிம்பைத் தூக்கியது.