சுத்துற மேசை

கை நீட்டுவதற்குள் இறால் போய்விட்டது.

போகிற இறாலையே பார்த்துக்கொண்டிருந்தாள் மூத்தவள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு தடவை என்றால் பரவாயில்லை. வந்து உட்கார்ந்ததிலிருந்து இதே கதைதான்.

தெருமுனைச் சைனீஸ் ஹோட்டலில் அந்தக் குடும்பத்துக்கென்றே ஒரு வட்ட மேசை உண்டு. அதன் நடுவில் சுழலுகிற பெரிய கண்ணாடித் தட்டு. எல்லாவற்றையும் அதன்மேல் வைத்துவிடுவார்கள். வேண்டியது தன் முன்னால் வரும்வரை சுற்றிக்கொள்ள வேண்டியதுதான். சம்பளம் வந்த வாரத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் பெண்டாட்டிகளோடு இங்கே ஆஜர். இவர்கள் என்ன கேட்பார்கள் என்பது சர்வருக்கு மனப்பாடம்.

இன்றைக்கு மூத்தவள் தன் கூடப்பிறந்த தம்பியையும் இழுத்து வந்திருந்தாள். அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். சில மாதமாக அக்கா வீட்டில்தான் இருக்கிறான். பசியில்லை, நீங்கள் போய்வாருங்கள் என்று எவ்வளவோ சொன்னான். விடுவாளா? ஆனால் உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான். புகுந்த வீட்டு ஆட்கள் யாராவது ஒரு வார்த்தை சொல்லி, பிள்ளை மனசு நொந்து எழுந்து போய்விட்டால்?

யாராவது என்ன யாராவது. கொழுந்தன் பெண்டாட்டி, அந்தச் சின்னவள்தான். வசதியான வீட்டிலிருந்து வந்தவள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டாள். பேசாதவர்களைத்தான் நம்பக்கூடாது என்பது மூத்தவளின் கட்சி. அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளோ தட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். கரண்டியை நீட்டினால் சில்லி சிக்கன் நழுவும். நூடுல்ஸ் நிற்கும்போலிருக்கும், நிற்காது.

மூத்தவள் மேசைக்கடியில் தன் வீட்டுக்காரரின் காலை இடித்துப் பார்த்தாள். அவர் அதை எப்படிப் புரிந்துகொண்டாரோ, சர்வரைக் கூப்பிட்டு இன்னொரு சூப் சொன்னார். கொழுந்தன் புதுக் கார் வாங்குகிற கதையில் இருந்தான். தம்பி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நன்றாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த மட்டில் அவளுக்கு நிம்மதி.

மறுபடியும் இறால் வந்தது. வந்த வேகத்தில் போனது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், கண்ணாடித் தட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்தாள்.

"ஏம்மா, உங்க வீட்டுல இதெல்லாம் யாரும் சொல்லித் தரலையா? மேசையில நீ மட்டும் உட்கார்ந்திருக்கல. மத்தவங்களும் சாப்பிட வேணாமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் காரம் சில்லி சிக்கனைவிடத் தூக்கல்.

சின்னவள் முகம் சுருங்கிப்போனது. "சாரிக்கா" என்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொழுந்தன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பெண்டாட்டி பார்த்த பார்வையில் பேசாமல் காருக்கே திரும்பிவிட்டான்.

தட்டு நின்றது. அப்பாடா. மூத்தவள் ஆசை தீர இறாலை அள்ளிப் போட்டுக்கொண்டாள். சில்லி சிக்கனையும் ஒரு கை பார்த்தாள். மொறுமொறுவென்று, என்ன ருசி. வாங்கிக் கட்டிக்கொண்டவள் கப்சிப்பென்று உட்கார்ந்திருந்ததில் இன்னும் கொஞ்சம் ருசி.

வயிறு நிறைந்த பிறகுதான் தம்பி ஞாபகம் வந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் வெறும் சோற்றில் சோயா சாஸை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிக்கன் கிண்ணம் அவன் கைக்கு எட்டாத தூரத்தில், அக்காவுக்கு முன்னால் இருந்தது.

"என்னடா, சிக்கன் எடுத்துக்கலையா?"

"போதும்க்கா. வயிறு ரொம்பிடுச்சு."

சொல்லிவிட்டு அடுத்த வாய்ச் சோற்றை எடுத்தான்.

சின்னவள் மெல்ல மூத்தவள் பக்கம் சாய்ந்தாள். குரலில் கோபமில்லை. மற்றவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்கிற கவனம் மட்டும் இருந்தது.

"அக்கா, நீங்களாவது கொஞ்சம் சுத்தி விடுங்க. தானா கை நீட்டி எடுக்க உங்க தம்பிக்குக் கூச்சமா இருக்கு. முன்னாடி வந்து நின்னாதான் எடுத்துக்கறாரு."