எதிர்ப்பக்கத்து வரி

கவிஞர் கோயில் முற்றத்தில் காலை நேரத்தில் கல்தரைதான் தாள், தண்ணீர்தான் மை. சீனத்தைத் தாங் அரசர்கள் ஆண்ட காலத்தில் இந்த ஆற்றங்கரைக்கு விரட்டப்பட்டு, கடைசிவரை ஊர் திரும்பாத கவிஞர் அவர். மனைவிக்கு அவர் எழுதிய நான்கு வரிகளை, நீளக் கம்பு பூட்டிய பஞ்சுத் தூரிகையால் ஊர்க்காரர்கள் தரையில் எழுதுவார்கள். வெயில் ஏறினால் காய்ந்துவிடும்.

சூயுன் முதல் வரியை எழுதினாள்: 'மலைப்பனி உருகி ஆறு நிறைந்துவிட்டது.'

அடுத்த வரி அவள் கணவர் தேஹாயுடையது. எதிரே நின்று, அவளுக்கு நேராகத் தெரியும்படி தலைகீழாக எழுதுவார். போன குளிர்காலத்தில் அவர் இறந்தபின் அந்த இடத்தைக் காலியாகவே விடுகிறாள்.

"பாதியில விட்டா கவிஞர் கோவிச்சுக்குவாரு அண்ணி. மிச்சத்த நான் எழுதட்டா?" என்றார் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பாங்.

"உன் கோழிக் கிறுக்கலப் பாத்தா அவரு இந்த ஊர விட்டும் ஓடிருவாரு."

வாளியை நிரப்பக் குழாயடிக்குப் போய்த் திரும்பினாள். காலியிடத்தில், அவளுக்கு நேராக, இரண்டாம் வரி ஈரமாக இருந்தது: 'என் படகு மட்டும் இன்னும் புறப்படவில்லை.'

"விளையாடாத பாங்!"

"எனக்கு நேரா எழுதினாலே கோணும். இதுல தலைகீழா வேறயா?"

வரியைச் சுற்றிக் கல் காய்ந்திருந்தது; ஒரு சொட்டோ காலடித் தடமோ இல்லை. முதல் எழுத்து அதற்குள் மங்கத் தொடங்கியது.

சூயுன் அவசரமாக மூன்றாம் வரியை எழுதி முடித்தாள். நான்காவது அவருடையது. எதிரே பார்த்தபடி நின்றாள். யாரும் வரவில்லை.

வாளியில் தண்ணீர் விளிம்புவரை இருந்தது. அதை அப்படியே முற்றத்தோரச் செடிக்குக் கவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் குழாயடிக்கு நடந்தாள்.