கை போனவர்

பழைய கிட்டார் ஸ்பீக்கர் பெட்டிக்கு வெளியே புதுத் துணி ஒட்டி, கைப்பிடியும் மாற்றியிருந்தார் மெக்கானிக். பெட்டியின் சொந்தக்காரர் கிட்டாரை அதில் இணைத்து வாசித்துப் பார்த்தார். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கி வந்தது.

"பெட்டி மேல குத்தமில்லப்பா. பத்து வருஷம் முன்னாடியே வாசிப்பு இப்படி மங்கிடுச்சு, என் கை போச்சு. அதான் கச்சேரிய விட்டேன்."

"உள்ளயும் பார்த்துடலாம் சார்."

"வேண்டாங்க, வித்துடலாம்," என்ற மனைவியின் குரல் நடுங்கியது. தன் மேல் இரக்கப்படுகிறாள் என்று அவருக்கு மனம் கனத்தது.

மெக்கானிக் பின்பலகையைக் கழற்றிக் கைவிட்டு இழுத்தார். குழந்தைப் போர்வை ஒன்று வந்தது.

மனைவி அதை வாங்கி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"சத்தம் குறைஞ்சு பாப்பா தூங்கட்டும்னு ரெண்டு நாளைக்குத்தான் வெச்சேன். அதுக்குள்ள, 'கை போச்சு, இனிமே ஊர் ஊராப் போகல, வீட்டோட இருக்கேன்'னு சொன்னீங்க. வயித்துல பால வார்த்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் அத எடுக்க மனசே வரல."