ஆறு மாடிக்கு எதிர்ப்பு

"மகாராணி இன்னிக்கும் லேட்டு!"

லூபே உள்ளே நுழைந்ததுமே சக்கர நாற்காலியிலிருந்து கிழவர் மெர்வ் கத்தினார்.

"பஸ் வரல மெர்வ். அதனால ரயிலை விட்டுட்டேன்."

"தினமும் ஒரு கதை வெச்சிருப்பியே! சீக்கிரம் குளிப்பாட்டி நல்ல சட்டையா போட்டுவிடு. சாயங்காலம் என்னைக் கவுன்சில் கூட்டத்துக்குத் தள்ளிட்டுப் போகணும்."

"அங்க எதுக்கு?"

"ஸ்டேஷன் பக்கத்துல ஆறு மாடி கட்டப் போறாங்களாமே. எதிர்ப்பு சொல்லணும்."

அந்த ஆறு மாடியைத்தான் லூபே நம்பியிருந்தாள்.

சிட்னியின் ஒரு கோடியில் வீடு, மறு கோடியில் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. ரயில் நிலையத்தை ஒட்டி வரப்போகும் அந்தக் கட்டடத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கிடைக்காதா என்று ஞாயிறுதோறும் தன் டோங்கா தீவுக்காரர்களின் தேவாலயத்தில் மண்டியிட்டுக்கொண்டிருந்தாள். கிடைத்தால், பிள்ளைகள் விழித்திருக்கும்போதே அவர்கள் முகத்தைப் பார்க்கலாம்.

மெர்வ் மீதும் தப்பில்லை. கட்டடம் எழும்பப் போவது அவர் தோட்டத்துக்கு வெயில் வருகிற பக்கம். தக்காளிச் செடி என்றால் அவருக்கு உயிர். எல்லாம் நியாயம்தான், ஆனால் லூபேக்கு மனசு ஆறவில்லை.

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதாக நொந்தபடி, மேட்டுச் சாலையில் அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கவுன்சில் கூடத்தின் வாசலில் பக்கத்து வீட்டு கிளெனிஸ், 'மாடி வேண்டாம்' என்று எழுதிய அட்டையோடு நின்றாள்.

"வாங்க மெர்வ்! தெருவுலயே பழைய ஆளு நீங்கதான். நல்லா நாலு வார்த்தை கேளுங்க. கண்டவங்களும் வந்து குடியேறினா நம்ம ஏரியா என்னத்துக்கு ஆகும்?"

லூபே அங்கே நிற்பதாகவே அவள் கண்டுகொள்ளவில்லை.

"மிஸ்டர் மெர்வின் ஹாட்ரிக், உங்களுக்கு மூணு நிமிஷம்" என்றார் கூட்டத் தலைவி.

மெர்வ் மைக்கை இழுத்துப் பிடித்தார். "இந்த ஆறு மாடித் திட்டத்தை நான் எதிர்க்கறேன்."

கைதட்டல் கூடத்தைத் தூக்கியது. கிளெனிஸ் விசிலே அடித்துவிட்டாள். லூபே தரையைப் பார்த்தாள்.

"உங்க தோட்டத்துல வெயில் போயிடும், அதானே?" என்று கேட்டார் தலைவி.

"போகும். போனா என்ன, தக்காளி கடையில கிடைக்குது."

கைதட்டல் பொசுக்கென்று நின்றது.

"இதோ இந்தப் பொண்ணு லூபே, ஊரோட அந்தக் கோடியிலேருந்து வந்து என்னைப் பார்த்துக்கறா. எனக்கு ஷூ மாட்டிவிடும்போதே என் முழங்கால்ல சாஞ்சு தூங்கிடறா. கொஞ்ச நேரம் தூங்கட்டும்னு நான் காலை அசைக்காம உக்காந்திருப்பேன்."

ஏதோ ஒரு நொடி கண் அசந்ததாகத்தான் லூபே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்தக் கத்தல்காரக் கிழவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

தலைவி குழம்பிப் போனார். "அப்போ நீங்க எதைத்தான் சார் எதிர்க்கறீங்க?"

"ஆறு மாடியத்தான்! கிளெனிஸோட மகனே அதுல வீடு வாங்க விலை விசாரிச்சுட்டு வந்துட்டான். அவனை மாதிரி காசு இருக்கறவங்களே ஆறு மாடியையும் பிடிச்சிடுவாங்க. எட்டு மாடியாக் கட்டுங்க. மேல ரெண்டு மாடிய, எங்களைக் குளிப்பாட்ட வர்றவங்களுக்குக் குறைஞ்ச வாடகைக்குக் கொடுங்க!"