பன்னீர்ச் செம்பு

கண்ணாடி போல மின்னிய மூன்று பீங்கான் சில்லுகளும் கைவிட்டுவிட்டன.

சாணவாயு அடுப்பின் குழாயருகே ஒவ்வொன்றாகச் சூடேற்றி, மீட்டரில் இணைத்து வைத்துப் பார்த்தாயிற்று. மீட்டர் முள் அசையவே இல்லை. அர்த்தநாரி தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

போன வாரம் வாயு கசிந்து கிடந்த அடுப்படியில் அவன் மனைவி மருதாத்தாள் தீக்குச்சியைக் கிழித்துவிட்டாள். முந்தானை கருகியதோடு போயிற்று. கவனமில்லாதவளுக்கு இந்த அடுப்பு எதற்கு, நாளைக்கே கழற்றி எறி என்று அவன் அம்மா சொல்லிவிட்டாள். மறுபடி விறகு, மறுபடி புகை. மருதாத்தாள் அழுதாள்.

கசிவைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்று செய்துவிட்டால் அடுப்பு தப்பும். அர்த்தநாரிக்குக் கல்லூரி ஆய்வகத்தில் வேலை. பீங்கான் சில்லைச் சூடாக்கி, வெள்ளீய உப்புக் கரைசலைத் தெளித்தால் பாலாடையைவிட மெல்லிய படலம் படியும். வாயு பட்டால் அதற்குத் தெரியும், மீட்டர் முள் ஏறும் என்று படித்திருந்தான்.

நான்காவது சில்லின்போது தெளிப்பான் அடைத்துக்கொண்டது. ஆத்திரத்தில் கரைசலைக் கல்யாணப் பன்னீர்ச் செம்பில் ஊற்றிச் சில்லின்மேல் உதறினான். செம்பு கறுத்தது. படலமோ ஆப்பம் போலப் பொரிந்து, மங்கலாக, பார்க்கவே சகிக்கவில்லை.

தூக்கி எறியப் போனான். செம்பையும் கெடுத்தாயிற்று, இந்தச் சில்லையும்தான் வைத்துப் பாருங்களேன் என்றாள் மருதாத்தாள்.

அவளே குழாயைத் திறந்தாள். அர்த்தநாரி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான். அவள் குழாயை ஒட்டியே நின்றாள். என்ன பிடிவாதம் என்று நினைத்தான்.

முள் துள்ளியது.

மூடினாள், இறங்கியது. திறந்தாள், ஏறியது. முந்தைய சில்லுகளின் வழவழப்பில் வாயுவுக்குப் பிடி கிடைக்கவில்லை. இந்த மேடுபள்ளத்தில், பொத்தல்களில் புகுந்து ஒட்டிக்கொண்டது. அர்த்தநாரிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. இனி அடுப்பை யாரும் கழற்ற முடியாது.

மருதாத்தாள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“ஏனுங்க, உங்களுக்கெல்லாம் வாசம் வர்றதுன்னா இப்படித்தானுங்களா?”

கல்யாணத்தன்று அந்தச் செம்பிலிருந்து பன்னீர் தெளித்தபோது, எல்லோரும் முகர்வதைப் பார்த்துவிட்டு அவள் கடைசியாக முகர்ந்தது அவனுக்கு நினைவு வந்தது.

மூக்கிலிருந்து துண்டை எடுத்தான். சில்லை அவள் உள்ளங்கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான்.