ராஜினாமாவுக்குப் பதினெட்டு நிமிடம்

நவம்பர் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, மாலை ஆறு மணி இருபத்தொன்றுக்குப் பொத்தான் அழுத்தப்பட்டது. ஆறு முப்பத்தொன்பதுக்குத் திரை தெளிந்தது. ஆக மொத்தம் பதினெட்டு நிமிடம், குறிப்பு: அவமானம்.

இதைக் கோடு போட்ட நோட்டில் பதிந்தவர், தண்ணீர்ப் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கிடங்குக் கண்காணிப்பாளர். முப்பது ஆண்டுகளாகத் திருகாணிகளை எண்ணிப் பதிந்த கை, வீட்டுக் கணினியின் சோம்பலையும் நாள் தவறாமல் பதிந்து வந்தது. பதியப் பதியக் கணினி வெட்கப்பட்டுத் திருந்திவிடும் என்று அவர் நம்பியிருக்கக்கூடும்.

மறுநாள் மாலை, பழுதுபார்ப்பவரைக் கையோடு அழைத்து வந்துவிட்டார்.

“இன்னிக்கு இதை ஓட வெச்சே ஆகணும். ராஜினாமாவை அடிக்காம நான் தூங்கப் போறதில்ல.”

“மறுபடியும் மேனேஜரா?” என்றாள் மனைவி.

“வேற யாரு? நாலு போல்ட்டு குறையுதுன்னு எல்லார் முன்னாடியும் கத்தறான். ‘டிஸ்மிஸ் ஆர்டரை வீட்டுல உக்காந்து நானே அடிச்சு எடுத்துட்டு வரேன், நாளைக்குக் காலைல உன் மேசையில இருக்கும்’ங்கறான். ரெண்டு வருஷமா இதே பாட்டு. ஒரு தடவையாவது வந்துச்சா? வெறும் வாய்!”

“ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்குங்க. பொண்ணு இப்பத்தான் காலேஜ் சேர்ந்திருக்கா. உங்க சம்பளத்தை நம்பித்தானே எல்லாம்?”

“மனுஷனுக்குத் தன்மானம்னு ஒண்ணு இருக்குல்ல?”

இருந்தது. ஆனால் அது பதினெட்டு நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை.

அவர் அலுவலகக் கணினியைச் சொந்த வேலைக்குத் தொடாதவர். ராஜினாமா சொந்த வேலை. கையால் எழுதித் தருவதோ பதவிக்கு இழுக்கு. ஆகவே வீட்டுக் கணினியின் முன் அமர்வார். அது கண் விழிப்பதற்குள் மனைவி சூடாக ஒரு தட்டு பலகாரம் கொண்டுவந்து வைப்பாள்.

தின்றுகொண்டே கோபப்படும் கலை அவருக்குக் கைவரவில்லை. திரை தெளியும்போது தட்டு காலியாகியிருக்கும். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். இரண்டு ஆண்டுகளில் அடித்து முடித்தவை: பெறுநர் முகவரி, ‘ஐயா’, ஒரு காற்புள்ளி.

“பேசாம புதுசா ஒண்ணு வாங்கிடலாமே சார்?” என்றார் பழுதுபார்ப்பவர்.

“ஓடற வரைக்கும் ஓடட்டும்” என்று மனைவி முந்திக்கொண்டாள். அந்த ஓர் ஆண்டிலேயே இரண்டு மிக்சி மாற்றியவள் அவள்.

“சரி, நீங்க குளிச்சுட்டு வாங்க சார். அதுக்குள்ள பார்த்துடறேன்.”

குளியலறைக் கதவு சாத்தப்பட்டது. பழுதுபார்ப்பவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் ஒரு பட்டியலைத் திறந்தார். திறந்தவர் சிறிது நேரம் வாயையும் மூடவில்லை.

“நாப்பத்திரண்டு ப்ரோக்ராம் அக்கா! ஆன் பண்ணின உடனே அத்தனையும் ஒண்ணா எழுந்திருக்குது. ஆன்டிவைரஸ் மட்டும் ஏழு. ஒண்ணை ஒண்ணு வைரஸ்னு பிடிச்சுக்கிட்டு நிக்குது. கம்ப்யூட்டரை வேகமாக்கற ப்ரோக்ராம் பதினொண்ணு!”

“அப்படியா” என்றாள் அவள், மேசையைத் துடைத்தபடி. மேசை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அவர் அனைத்தையும் நிறுத்திவிட்டுக் கணினியை மீண்டும் போட்டார். நாற்பது நொடியில் திரை பளிச்சென்று தெளிந்தது. வீடே கொண்டாட வேண்டிய அந்த நேரத்தில் மனைவியின் முகம் வெளிறியது.

“அக்கா, இதெல்லாம் தானா வந்ததில்ல. போட்ட நேரத்தைப் பாருங்க. எல்லாமே மத்தியானம் மூணு மணிக்குப் போட்டது. சார் அந்நேரம் ஆபீஸ்ல இருப்பாரில்ல?”

துடைப்பது நின்றது.

“நான்தான் போட்டேன். முன்னாடி மூணு நிமிஷத்துல எழுந்துக்கும். ஒரு தடவை ரெண்டு வரி அடிச்சே போட்டார். நல்ல வேளை, கரன்ட் போச்சு. அவர் கோபம் ஆறப் பதினெட்டு நிமிஷம் வேணும் தம்பி. எடுத்ததையெல்லாம் திருப்பி ஓட விட்டுடுங்க. சீக்கிரம், இன்னிக்குத் தட்டுகூட இன்னும் தயாராகல.”

“ஓடுதா?” என்று குளியலறையிலிருந்து முழக்கம் வந்தது.

“பார்த்துக்கிட்டிருக்கேன் சார்!” என்று குரல் கொடுத்தவர், திரையின் ஓரத்தில் ‘ராஜினாமா’ என்றிருந்த கோப்பைத் தட்டித் திறந்தார். பெறுநர் முகவரியை ஒருமுறைக்கு இருமுறை படித்தார்.

“இந்த மேனேஜர் வீட்டுக்கும் நான்தான் அக்கா போறேன். அங்க எழுந்திருக்க இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்.”

“அதுவும் பழசா?”

“புத்தம் புதுசு. அந்த வீட்டம்மாதான் மெதுவாக்கித் தரச் சொன்னாங்க. கோபத்துல ரெண்டு பேரை வேலையை விட்டுத் தூக்கிட்டு, அப்புறம் மாசக்கணக்கா மனசு கேக்காமப் புலம்பினாராம். இப்ப ரெண்டு வருஷமா மூணாவது ஆளுக்கு ஆர்டர் அடிக்க உக்கார்றாராம். அது எழுந்திருக்கறதுக்குள்ள நாற்காலியிலேயே தூங்கிடறாராம்.”

“யாரு அந்த மூணாவது ஆளு?”

“பேரு தெரியாது அக்கா. யாரோ ஒரு கிடங்குக்காரர்னு சொன்னாங்க.”

குளியலறையில் தண்ணீர் நிற்பதற்குள் முடிவுகள் எடுக்கப்பட்டன. நாற்பத்திரண்டும் பழையபடியே ஓடும். கணினிக்கு உள்ளே வயதாகிவிட்டது, இனி இவ்வளவுதான் என்று கணவரிடம் சொல்லப்படும். வழியனுப்ப வாசல் வரை வந்த மனைவி, மூன்றாவதாக ஒன்றைத் தாழ்ந்த குரலில் சேர்த்தாள்.

“அந்த வீட்டுல இன்னும் ஒரு பத்து நிமிஷம் கூட்டிடுங்க தம்பி.”