குருவிக்கல் மலையில் கார்த்திகை

கொப்பரையில் தீ பிடித்ததும் வீரய்யா கும்பிடக்கூட இல்லை. விறுவிறுவென்று பாறை விளிம்புக்கு வந்து கீழே ஊரைப் பார்த்தார்.

குருவிக்கல் மலை பேருக்குத்தான் மலை. பொன்னமராவதிச் சந்தையில் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மொட்டைப் பாறை, உச்சியில் ஒரு சுனை, சுற்றிலும் காரைப் புதர், அவ்வளவுதான்.

ஆனால் கார்த்திகையன்று இங்கே தீ தெரிந்தால்தான் கீழே வாசலில் விளக்கு வைப்பார்கள், விரதம் விடுவார்கள். சமஸ்தானம் இருந்தவரை எண்ணெய்க்குப் படி வந்தது. சமஸ்தானம் போனது, படி போனது, முறை மட்டும் போகவில்லை. முறைக்காரர் வீரய்யா. ஏற்றிவிட்டு, விடியும்வரை ஒண்டியாகக் காவல் இருக்க வேண்டும்.

இந்த வருஷம் வர அவருக்கு மனசே இல்லை. ஐப்பசி அடைமழையில் படுத்த பெண்டாட்டி செவந்தி இன்னும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. பக்கத்து வீட்டு ராக்காயியைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார்.

விரட்டியதே செவந்திதான்.

"ஊரே பட்டினி கெடக்கு, போங்க. மலையில தீ தெரிஞ்சதும் நானே எந்திரிச்சு நம்ம வாசல்ல வெளக்கு வைக்கிறேன். அங்கிட்டிருந்து பாத்துக்கங்க."

தெருத்தெருவாக விளக்குகள் முளைத்தன. தெற்குத் தெருக் கடைசியில், கண்மாய்க்கரை ஓரம், அவர் வீடு மட்டும் இருட்டாகவே கிடந்தது.

எந்திரி செவந்தி, எந்திரி தாயி என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார். மேற்கே பிரான்மலை கறுத்து நின்றது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல அங்கே காக்காய் குருவிகூட இல்லை.

நிலா ஒரு பனை உயரம் ஏறியபிறகு, அந்த வாசலில் பொட்டுப்போல ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"வச்சுட்டா! எந்திரிச்சுட்டா!"

ஆளில்லாத மலையில் கத்தினார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஓடிப்போய்க் கொப்பரையில் தாராளமாக எண்ணெய் ஊற்றினார். திரியைத் தூண்டிவிட்டார். காலையில் இறங்கியதும், ஒரு விளக்கு வைக்க உனக்கு இத்தனை நேரமா என்று அவளை ஒரு பிடி பிடிக்க வேண்டும்.

திரும்பி வந்து பார்த்தபோது கீழே விளக்குகள் அணைந்துகொண்டிருந்தன.

காற்று இல்லை. வீரய்யாவுக்குப் புரிந்துவிட்டது. ஊரில் சாவு விழுந்தால், சேதி எட்ட எட்ட அவரவர் வாசல் விளக்கை உள்ளே எடுத்துவிடுவார்கள். பிணத்தைக் கிடத்திய வாசலில் மட்டும், தலைமாட்டில் ஒன்று எரியும்.

கிழக்குத் தெரு இருளாண்டிதான். ஆவணியிலிருந்து இழுத்துக்கொண்டு கிடந்த மனுஷன். அட பாவமே, நல்ல நாளும் அதுவுமாகப் போய்விட்டாரே என்று உச்சுக்கொட்டினார்.

வடக்குத் தெரு இருண்டது. மேலத் தெருவும் இருண்டது.

கிழக்குத் தெருவில் இருளாண்டி வீட்டு விளக்கையும் எடுத்தார்கள்.

தெற்குத் தெருக் கடைசியில் இருந்ததை மட்டும் யாரும் எடுக்கவில்லை.